நாடா தீர்ந்த பின்

'பாசி மணி' என்று பேர் வைத்திருந்தார்கள்.
எங்கள் பின்னிஷ் மொழியில் மணி என்றால்
ஒலிப்பதும் அதுதான், நேரம் சொல்வதும் அதுதான்.
பாசி பிடித்தபின் அது எதைச் செய்யும் என்று கேட்டேன்.
"இரண்டையும், தாமதமாக"
என்றான் ஊர்ப்போ, கிதாரைத் துடைத்துக்கொண்டே.

எழுபத்திரண்டு, ஜனவரி. தம்பெரே.
பஞ்சாலைக்கு அடியில்
முன்பு சப்பாத்துகள் அடுக்கியிருந்த நிலவறை.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நகரத்துக்கு நடுவே விழுந்தோடும் ஆறு மட்டும்
உறைய மறுத்துச்
சுவருக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.
முதல் பாட்டைக் கூர்ந்து கேளுங்கள், அதுவும் இருக்கும்,
சம்பளம் கேட்காத ஐந்தாவது ஆள்.

மற்ற நால்வருக்கும்கூட யாரும் சம்பளம் தரவில்லை.

ஔலிக்கி பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துவாள்,
இரவில் அதே மணிக்கட்டால் ஆர்கன்.
குளிரில் அதன் மோட்டார் தள்ளாடியது,
சுருதி அரைக்கால் இறங்கி, அங்கேயே நின்றுகொண்டது.
ஒன்றும் பேசாமல் ஊர்ப்போ தந்திகளைத் தளர்த்தினான்.
தார்மோ தளர்த்தினான்.
கியோஸ்திக்குத் தளர்த்த ஒன்றுமில்லை,
கோட்டைக் கழற்றி முரசுக்குள் திணித்தான்.
அந்தத் தட்டு ஏன் நீருக்கடியில் ஒலிக்கிறது என்று
பிற்காலத்தில் பக்கம் பக்கமாக எழுதியவர்களே,
காரணம் கஞ்சா அல்ல.
கணப்புக்கு விறகில்லை.

வாடகை இரண்டு இரவுக்கு. நாடா மூன்று சுருள்.
கடைசிச் சுருளில் கடைசிப் பாட்டு,
ஒத்திகையில் பதினெட்டு நிமிடம்.
மூன்றும் நான்குமாய் ஏழு, மூன்றும் நான்குமாய் ஏழு,
ஒரு பனிச்சறுக்கு வண்டி காட்டுக்குள் இறங்குவதுபோல் தொடங்கி
பதினாறாம் நிமிடத்தில்
அவர்களுக்கே தெரியாத ஒரு திருப்பத்தில் திரும்பியது.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
சுருள் மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிவப்பு விளக்கின் விசைமேல் விரல்.
அதை அணைத்தால் நிறுத்துவார்கள். ஒரு நொடி வேலை.

அணைக்கவில்லை.

ஊர்ப்போவின் கிதார் ஒரு படி ஏறி
அடுத்த படிக்குக் காலைத் தூக்கிய இடத்தில்
நாடா தீர்ந்தது.
அதன் நுனி இயந்திரத்தை அறைந்தது,
தப், தப், தப்,
கியோஸ்தியின் ஏழுக்குள் ஒரு தட்டு மட்டும்
சொல்லிவைத்தாற்போல் பொருந்திப் போனது.
உள்ளே நால்வரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.
ஔலிக்கி கண்களை மூடியிருந்தாள்.
தார்மோ, எப்போதும் தரையைப் பார்க்கும் தார்மோ,
நிமிர்ந்து சிரித்தான்.
ஆறரை நிமிடம்.
அதுதான் அந்த ஆல்பம். அது அந்த ஆல்பத்தில் இல்லை.

முடித்து, வியர்வையோடு வெளியே வந்து
"பதிந்ததா?" என்றாள்.
"பதிந்தது" என்றேன்.

விடிந்து போட்டுக் கேட்டபோது
வெட்டிய இடத்தில் அறை வெட்டுண்டு கிடந்தது.
நான்காவது சுருளுக்கு ஒருவரிடமும் காசில்லை.
வெகுநேரம் கழித்து ஔலிக்கி கையுறையை மாட்டினாள்.
"இப்படியே விடு. எட்டு மணிக்கு எனக்கு வேலை."

ஐந்நூறு பிரதிகள். விற்றது நூற்றுப் பதினொன்று.
'குளிர்சாதனப் பெட்டிக்கு ஜெபம் கற்பித்தது போல'
என்றது ஒரு செய்தித்தாள்; அந்த முடிவை மட்டும் புகழ்ந்தது,
மரணத்தைப் பற்றிய துணிச்சலான கூற்றாம்.

சென்ற மாதம் சந்தையில் ஊர்ப்போவைப் பார்த்தேன்.
தாளில் சுற்றிய இரத்தத் தொத்திறைச்சி,
விரலெல்லாம் லிங்கன்பெர்ரி ஜாம்.
விளக்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.
மென்றான். விழுங்கினான்.
"நீ அணைத்திருந்தால்
நாங்கள் அதை வாசித்தே இருக்கமாட்டோமே" என்றான்.
பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டு,
"எப்படிப் போகும் அது? எனக்கு ஞாபகமில்லை.
கொஞ்சம் முனகிக் காட்டேன்."

எனக்குப் பாட வராது.
அவன் தோளில் விரல் வைத்து
ஏழு வரை எண்ணிக் காட்டினேன்.